தடை இருக்கிறது, படகும் ஓடுகிறது

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு விடுமுறை வந்தால் வடக்கே போவதுதான் தோது. மெரினாவில் கால் வைக்க இடம் இருக்காது. மாமல்லபுரம் போவதென்றால் ஊரையே கடந்தாக வேண்டும். பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குப் போனால் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம், கலங்கரை விளக்கம், பருவம் சரியாக இருந்தால் பூநாரைக் கூட்டம், சுடச்சுட இறால் வறுவல், அப்புறம் படகு. கிறிஸ்துமஸில் ஆரம்பித்து காணும் பொங்கல் வரை அந்தப் பக்கம் கூட்டம் குறைவதில்லை.

அப்படி ஒரு கிறிஸ்துமஸ் நாளில்தான், 2011 டிசம்பர் 25 ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு ஏரியில் முகத்துவாரத்துக்கு அருகே சுற்றுலா வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன் பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடையை மீறிப் படகு ஓடுவதாகச் செய்தி வருவதும், அதிகாரிகள் எச்சரிப்பதும், கொஞ்ச நாள் அடங்கி மறுபடி ஓடுவதும் அதற்கப்புறம் வழக்கமாகிவிட்டது.

இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். இத்தனை உயிர் போன இடத்தைத் திறக்கவே கூடாது என்பது ஒன்று. முட்டுக்காட்டில் ஓடுகிறது, பிச்சாவரத்தில் ஓடுகிறது, வடக்கே இருக்கிறவன் மட்டும் என்ன பாவம் செய்தான் என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் படகு கரையை விட்டுக் கிளம்புவதற்கு முன், துறையில் நின்று ‘இத்தனை பேர் போதும்’, ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்ல அதிகாரம் உள்ள ஆள் யார் என்பதை இரண்டு தரப்பும் கேட்பதில்லை. நீரில் நடக்கும் விபத்துகளில் பெரும்பாலானவை கரையிலேயே முடிவாகிவிடுகின்றன. தடை என்று எழுதி வைத்துவிட்டால் அந்த ஆளை நியமிக்க வேண்டிய தேவை அரசுக்கு இல்லாமல் போகிறது. படகு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே நீர், பல பிழைப்பு

எண்ணூரில் கடலைச் சேரும் கொசஸ்தலை ஆறும், வடக்கே பழவேற்காடு ஏரியும் தனித்தனி நீர்நிலைகள்போலத் தெரிந்தாலும் பக்கிங்காம் கால்வாய் இரண்டையும் கோத்து வைத்திருக்கிறது. 1806இல் பேசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கொண்டுவந்த கால்வாய் பிற்பாடு பழவேற்காட்டுக்கும், அதைத் தாண்டி ஆந்திரத்துக்கும் நீண்டது. விறகு, உப்பு, சிப்பிச் சுண்ணாம்பு ஏற்றிய படகுகள் இதன் வழியாகத்தான் பட்டணத்துக்கு வந்தன. சரக்குப் பாதை என்பதால் நீர்மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகைக் கடத்திவிடும் லாக்குகள் இருந்தன, வரி இருந்தது, அதைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். 1960களின் நடுவில் அடித்த புயல்களுக்குப் பிறகு போக்குவரத்து ஓய்ந்தது. 2008இல் இந்தக் கால்வாயைத் தேசிய நீர்வழி 4இன் ஒரு பகுதியாக அறிவித்தார்கள். வடசென்னையைப் பொறுத்தவரை அந்த நீர்வழி இன்னும் காகிதத்தில்தான் ஓடுகிறது.

இன்றைக்கு அதே நீரில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஆட்களின் ஃபைபர் படகுகள் கடலுக்குப் போய் வருகின்றன. இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். குறுக்கே வலை கட்டியிருப்பார்கள். மேலே பாலங்கள், அனல்மின் நிலையத்தின் குழாய்கள். அந்தக் குழாய்களிலிருந்து ஆண்டுக்கணக்கில் கசிந்து படிந்த சாம்பலால் ஆறு மேடாகிப் போனது என்பது மீனவர்களின் நெடுநாள் புகார். ஆறு மேடாவது படகுப் போக்குவரத்தையும் நேரடியாகப் பாதிக்கிறது. ஆறு அகலமாகத் தெரிந்தாலும் படகு போகக்கூடிய ஆழம் ஒரு கோடாகக் குறுகிவிடுகிறது. போகிற படகும் வருகிற படகும் அந்த ஒரே கோட்டில் எதிரெதிரே வருகின்றன. இதில் உல்லாசப் படகும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை யோசிக்காமல் ‘போட்டிங் விடலாம்’ என்று ஒரு வரியில் சொல்லிவிட முடியாது.

பாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது

மீன்பிடிப் படகில் ஒரு டன் சரக்கு ஏற்றினாலும் கவிழாது, அதே படகில் 20 பேர் ஏறினால் ஏன் ஆட்டம் காண்கிறது? எடை மட்டும் கணக்கில்லை. வலை, ஐஸ், மீன் எல்லாம் படகின் அடிவயிற்றில் கிடக்கின்றன, கிடக்கிற இடத்தில் கிடக்கின்றன. மனிதர்கள் குறுக்குப் பலகையில், அதாவது படகின் மேல் விளிம்புக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள். எழுந்து நின்றால் பாரத்தின் மையம் இன்னும் மேலே போகிறது. ஆளுக்கு 60 கிலோ வைத்தாலும் 25 பேர் என்றால் ஒன்றரை டன். அந்த ஒன்றரை டன்னும் பூநாரை பறந்தால் ஒரு பக்கம் திரும்பும், செல்ஃபி எடுக்க எழும், அலை தெறித்தால் பயந்து மறுபக்கம் சாயும்.

அப்படிச் சாயும்போது முதலில் விளிம்பு தண்ணீருக்குப் பக்கத்தில் வருகிறது. கொஞ்சம் தண்ணீர் உள்ளே விழுகிறது. விழுந்த தண்ணீர் தாழ்ந்த பக்கமாகவே ஓடித் தேங்கி, சாய்வை அதிகமாக்குகிறது. இன்னும் தண்ணீர் வருகிறது. உட்கார்ந்திருந்தவர்களும் அந்தப் பக்கமே சரிகிறார்கள். இது தொடங்கி முடிய நிமிடக் கணக்கெல்லாம் ஆகாது. ஓட்டுபவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் அந்தக் கட்டத்தில் செய்ய ஒன்றுமில்லை.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்யகா படகு கவிழ்ந்து 45 பேர் இறந்ததற்கு, விலங்கைப் பார்க்க மேல்தளத்துப் பயணிகள் ஒரு பக்கமாக நகர்ந்தது ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்த படகு, மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய உல்லாசப் படகு. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். பழவேற்காட்டுக் கதையில் இரண்டின் சாயலும் உண்டு. அங்கே சவாரிக்கு வருவதும் மீன்பிடிக்கக் கட்டிய படகுதான். சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் பரவிய ஃபைபர் படகு நல்ல படகுதான், கடலலையை வெட்டிப் போகத் தெரிந்த படகு. ஆனால் அது நான்கைந்து பேரையும் வலையையும் மனதில் வைத்து வார்த்தது. நின்று வேடிக்கை பார்க்கும் ஒரு கல்யாணக் கூட்டம் அந்தக் கணக்கில் இல்லை.

எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் படகை நீரில் இறக்கி, எடை வைத்துச் சாய்த்துப் பார்த்துத்தான் நிர்ணயிக்க முடியும். கப்பல் பொறியாளர்களுக்கு இது அரைநாள் வேலை. அப்படி நிர்ணயித்ததைச் சான்றிதழில் எழுதி அலமாரியில் வைத்தால் பயனில்லை. படகின் வெளிப்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எண்ணாகவும், கூடவே ஒரு கோடாகவும் இருக்க வேண்டும். கோடு தண்ணீருக்குள் போய்விட்டால் பாரம் அதிகம், அவ்வளவுதான். பிரிட்டனில் 1876இல் சரக்குக் கப்பல்களுக்கு இந்தக் கோட்டைச் சட்டமாக்கினார்கள். லாபத்துக்காகக் கப்பலை மூழ்கும் அளவுக்கு நிரப்பிய முதலாளிகளிடமிருந்து மாலுமிகளைக் காப்பாற்ற வந்த சட்டம் அது. துறையில் நிற்கும் யாரும், எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட, பார்த்த மாத்திரத்தில் சரிபார்க்க முடிவதுதான் அதன் பலம்.

‘இன்னும் ஒரு ஆள்’

அதிகப் பாரம் ஏற்றுவது படகோட்டியின் பேராசை என்று சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். கட்டணம் எப்படி வசூலாகிறது என்று பார்த்தால் வேறு ஒன்று தெரியும். தலைக்கு இவ்வளவு என்றால், திருவொற்றியூர் ஷேர் ஆட்டோ மாதிரி, கடைசியாக ஏறுகிறவர் தரும் காசு முழுக்க லாபம். டீசல் செலவு ஏற்கெனவே கணக்காகிவிட்டது. படகுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால் இப்போது கூட்டத்தின் பக்கம் ஆசை வருகிறது. இரண்டு படகு எடுக்க வேண்டிய குடும்பம் ‘எல்லாரும் நம்ம ஆளுங்கதானே அண்ணே, சேர்ந்தே போயிடறோம்’ என்று ஒரே படகில் ஏறும். சட்டப்படி இல்லாத சவாரி என்றால் இன்னொரு அவசரமும் சேருகிறது. யாராவது வருவதற்குள் எத்தனை நடை முடியுமோ அத்தனை.

இதற்கு மருந்து புதிதல்ல. துறையில் ஒரே இடத்தில் டோக்கன், படகுகளுக்கு முறை வைத்து வரிசை, வசூலைப் பொதுவில் சேர்த்து நாளின் முடிவில் பங்கு பிரிப்பது. இப்படிச் செய்தால் கூடுதலாக ஏறும் ஆளால் எந்தப் படகோட்டிக்கும் தனி லாபம் வராது. பக்கத்துப் படகுக்காரனைவிட அதிகம் ஏற்ற வேண்டிய போட்டியும் தணியும்.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏரியில் பல தலைமுறைகளாக ‘பாடு’ என்ற முறை இருந்து வருகிறது. இறால் நன்றாகப் படும் இடங்களில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைக் குப்பங்கள் தங்களுக்குள் முறை வைத்தும் சீட்டுப் போட்டும் பிரித்துக்கொள்ளும். மீறினால் ஊர்க் கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். பாடு உரிமை எல்லாச் சாதிக்கும் கிடைப்பதில்லை என்ற பழைய மனக்கசப்பு உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த முறையைப் புகழ முடியாது. ஆனாலும், ஒரே நீரில் பலர் பிழைக்கும்போது இடத்தையும் நேரத்தையும் பங்கு போடுவது எப்படி என்ற கேள்விக்கு இங்கே ஏற்கெனவே ஒரு விடை நடைமுறையில் இருக்கிறது. சவாரிப் படகுக்கு விதி எழுத வரும் அதிகாரி முதலில் உட்கார வேண்டியது இந்த ஊர்க் கூட்டத்தில்தான்.

முகத்துவாரம்

ஏரியின் நடுப்பகுதியில் பல இடங்களில் தண்ணீர் ஆளளவுகூட இருக்காது. அதை நம்பித்தான் ‘இங்கே என்ன ஆகப்போகுது’ என்று ஏறுகிறார்கள். சென்னைக் கரையில் கடல் ஏறி இறங்குவதும் சுமார் ஒரு மீட்டர் அளவுதான். ஆபத்து இருப்பது முகத்துவாரத்தில். பரந்து கிடக்கும் ஏரியில் ஏறிய தண்ணீர் முழுவதும் வற்றும்போது அந்தக் குறுகிய வாய் வழியாகத்தான் கடலுக்குத் திரும்ப வேண்டும். அப்போது நீரோட்டம் இழுக்கும். வெளியே போகும் நீரோட்டமும் கடலிலிருந்து உள்ளே வரும் அலையும் எதிரெதிரே மோதும்போது அலை குட்டையாகி, செங்குத்தாக எழும்பி, மணல் திட்டின்மேல் உடையும். கடல் அமைதியாக இருக்கிறதே என்று கரையிலிருந்து தெரியும் நாளிலும் திட்டின்மேல் அலை உடையலாம். அந்த இடத்தில் படகு குறுக்காகத் திரும்பினால் ஒரே அலை போதும்.

பருவமும் சேர்ந்து விளையாடுகிறது. கோடையில் மணல் மூடி முகத்துவாரம் சுருங்கிவிடும், சில ஆண்டுகளில் கிட்டத்தட்ட அடைபட்டே போகும். ஏரியில் தண்ணீரும் குறையும். வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் வெள்ளம் கொண்டுவந்து வாயைத் திறக்கின்றன. ஆழம் மாறுகிறது, திட்டு இடம் மாறுகிறது, நீரோட்டம் வலுக்கிறது. நகரத்து மக்கள் சவாரிக்குக் கிளம்பும் கிறிஸ்துமஸ், பொங்கல் காலம் இதற்கு அடுத்தபடியாக வருகிறது. வாடைக் காற்றும் அப்போதுதான். கூட்டம் அதிகமாக வருகிற வாரங்களில்தான் நீரும் அதிகம் மாறியிருக்கிறது. போன கோடையில் போன வழி இப்போது வழியாக இருக்காது. தினமும் அந்த வாயைக் கடக்கும் மீனவருக்கு இது தெரியும். விடுமுறைக்கு மட்டும் படகு ஓட்ட வந்த இளைஞனுக்குத் தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

ஆகவே விதி எழுதினால் முதல் விதி மிக எளிது: சவாரிப் படகு முகத்துவாரத்துக்குப் போகக் கூடாது. ஏரிக்குள்ளேயே ஒரு வட்டம், அதன் எல்லையில் கொடி கட்டிய மிதவை. ‘கடல் பாத்துட்டு வந்துடலாம்’ என்ற ஆசைக்கு அந்த மிதவையோடு முற்றுப்புள்ளி. வாயில் திட்டு நகர நகர மிதவையும் நகர வேண்டும். ஒருமுறை போட்டுத் திறப்புவிழா நடத்திவிட்டு மறந்துவிடும் மிதவை, மிதவையே இல்லாததைவிட மோசம். மக்கள் அதை நம்பிவிடுவார்கள்.

யார் விலகுவது

சாலையில் நாம் இடது பக்கம் போகிறோம். நீரில் உலகம் முழுக்க வலது பக்கம். 1972இல் எழுதி 1977இல் நடைமுறைக்கு வந்த கடல் மோதல் தடுப்பு விதிகள் சொல்வது இது: குறுகிய வாய்க்காலில் படகு தன் வலதுபுறக் கரையை ஒட்டிப் போக வேண்டும்; எதிரெதிரே இரண்டு இயந்திரப் படகுகள் வந்தால் இரண்டுமே வலப்பக்கம் திரும்ப வேண்டும்; குறுக்கே வரும்போது, எதிராளி உங்களுடைய வலப்பக்கத்தில் இருந்தால் நீங்கள் விலக வேண்டும். பைக் ஓட்டிப் பழகிய கை பதற்றத்தில் இடப்பக்கம் ஒடிக்கும். ஒருவர் விதிப்படியும் இன்னொருவர் பழக்கப்படியும் திரும்பினால் இருவரும் ஒரே பக்கம் வந்து சேருவார்கள். ஓட்டுநர் பயிற்சி என்று ஒன்று கட்டாயமாக வேண்டும் என்பதற்கு இதுவே போதுமான காரணம்.

ஹாரனுக்கும் அர்த்தம் உண்டு. ஒரு குட்டை ஊதல் என்றால் வலப்பக்கம் திரும்புகிறேன். இரண்டு என்றால் இடப்பக்கம். மூன்று, இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டுகிறேன். ஐந்தும் அதற்கு மேலும், நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. (நம் ஜி.என்.டி. ரோட்டில் எல்லா ஊதலுக்கும் ஒரே அர்த்தம்தான்.)

வலை போட்டுக்கொண்டிருக்கும் படகுக்கு மற்ற இயந்திரப் படகுகள் ஒதுங்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. கட்டியிருக்கும் வலையின்மேல் சவாரிப் படகை ஓட்டிக்கொண்டு போனால் வலை அறுந்து மீனவருக்கு நஷ்டம், கயிறு விசிறியில் சுற்றிப் படகு நடுவில் நிற்கும். அதனால் வலை கட்டும் நேரம், படகு ஓடும் நேரம் இரண்டையும் பிரித்து வைப்பதுதான் சரி.

ஒரே நீரில் இரண்டு விதமான வேலை நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பையே சாட்சி. 2024 டிசம்பர் 18 அன்று, இயந்திரச் சோதனையில் இருந்த கடற்படை வேகப்படகு கட்டுப்பாடு இழந்து, எலிஃபண்டா தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற நீல்கமல் படகில் மோதி 15 பேர் இறந்தார்கள். எண்ணூருக்கு வடக்கே காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அடுத்தடுத்து இருக்கின்றன. அவற்றின் இழுவைப் படகுகளுக்கும் ரோந்துப் படகுகளுக்கும் கடற்பக்கம் நிறைய வேலை உண்டு. உல்லாசப் படகுகளை அந்தப் பக்கமே விடாமல் இருப்பதுதான் புத்தி.

வேகத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. முழு வேகத்தில் போனால்தான் பெரிய அலை கிளம்பும் என்று நினைக்கிறோம். படகு மெல்ல நகரும்போது அலை சின்னது. முழு வேகத்தில் தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு போகும்போதும் ஓரளவுக்குக் குறைந்துவிடும். நடுவில், படகின் முன்பக்கமான அணியம் மேலே தூக்கிக்கொண்டு பின்பக்கம் அமிழ்ந்து உழுதுகொண்டு போகும் வேகத்தில்தான் பெரிய அலை கிளம்புகிறது. கரையில் நிற்பவர்களைப் பார்த்து ‘மெதுவாகத்தானே போகிறேன்’ என்று பாதி வேகத்துக்குக் குறைக்கும் ஓட்டுநர் உண்மையில் அதிகத் தொல்லை தருகிறார். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து இறால் தடவும் பெண்மணிக்கு அந்த அலை மூக்குவரை வரும். ஆட்கள் இருக்கும் இடத்துக்கு வெகுமுன்பே நடை வேகத்துக்கு வந்துவிட வேண்டும். லண்டன் தேம்ஸ் ஆற்றின் மேல்பகுதியில் மணிக்கு 8 கிலோமீட்டர்தான் வரம்பு.

தேம்ஸில் என்ன செய்தார்கள்

தேம்ஸைச் சும்மா இழுக்கவில்லை. 1989 ஆகஸ்ட் 20 அதிகாலை, பிறந்தநாள் கொண்டாட்டக் கூட்டத்தோடு போய்க்கொண்டிருந்த மார்ஷனஸ் என்ற உல்லாசப் படகின்மேல் மணல் அள்ளும் போபெல் கப்பல் ஏறி 51 பேர் இறந்தார்கள். படகு சுமார் அரை நிமிடத்தில் மூழ்கியது. இரண்டு கலங்களிலும் சரியான கண்காணிப்பு இல்லை என்பதுதான் விசாரணைகளில் வந்த முக்கியமான குறை. முழு விசாரணை நடந்து பரிந்துரைகள் வரப் பத்தாண்டுக்கு மேல் ஆனது. இழுத்தடிப்பது நம் ஊர்ச் சொத்து மட்டும் இல்லை.

ஆனால் கடைசியில் ஆற்றை மூடவில்லை. 2002 ஜனவரியில் தேம்ஸ் கரையில் நான்கு உயிர்காப்புப் படகு நிலையங்கள் திறந்தன. அதுவரை பெரும்பாலும் கடலோரத்தில் இருந்த, உயிர்காப்புப் படகுகளை நடத்தும் பிரிட்டன் சங்கம் ஊருக்கு நடுவே ஆற்றில் வந்து உட்கார்ந்தது. துடுப்புப் படகுக்காரர்கள் அதிகம் இருக்கும் மேற்குப் பகுதியில் அவர்களுக்கென்று தனி விதித்தொகுப்பே உண்டு. நீரோட்டத்தோடு போகிறவர் எந்தப் பட்டையில் போக வேண்டும், எதிர்த்து வருகிறவர் எங்கே கரையை ஒட்டி வர வேண்டும், எந்த இடத்தில் மட்டும் குறுக்கே கடக்கலாம் என்று ஆற்றைக் கூறுபோட்டு எழுதியிருக்கிறார்கள். பொது விதி எல்லா ஆற்றுக்கும் பொருந்தாது, இந்த வளைவுக்கு இந்த விதி என்று தனித்தனியாக எழுத வேண்டும் என்பதை நாம் எடுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய காசும் கருவியும் இல்லாமலே செய்யக்கூடிய வேலை அது.

இங்கே சட்டம் இல்லாமல் இல்லை. 1917ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்தது. இயந்திரப் படகுகளுக்குப் பதிவு, தகுதிச் சான்று, ஓட்டுபவருக்குத் திறன் சான்று, காப்பீடு எல்லாம் அதில் உண்டு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இல் படகுப் பாதுகாப்புக்கென்றே வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. சிக்கல் எங்கே என்றால், பழவேற்காட்டில் ஒரே படகு காலையில் மீன்பிடிப் படகு, மதியம் சவாரிப் படகு. மீன்வளத் துறை அதை மீன்பிடிப் படகாகப் பதிவு செய்திருக்கும். ஏரி பறவைகள் சரணாலயம் என்பதால் வனத்துறைக்கும் சொல் உண்டு. சுற்றுலாத் துறை, காவல் துறை, வருவாய்த் துறை, ஊராட்சி எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம். இத்தனை பேர் கையில் இருக்கும் பொறுப்பு கடைசியில் யார் கையிலும் இருப்பதில்லை.

தடை வேலை செய்யவே செய்யாது என்றும் சொல்ல மாட்டேன். காசிமேட்டில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அது நடக்கிறது. ஏன் என்றால் தொடங்கும் நாளும் முடியும் நாளும் எல்லாருக்கும் தெரியும், மீன் பெருகட்டும் என்ற காரணம் புரிகிறது, நிவாரணத் தொகை வருகிறது, படகு கட்டிக் கிடக்கும் நாட்களில் அதைப் பழுதுபார்த்துக்கொள்கிறார்கள். முடிவு தேதி இல்லாத, மாற்று வருமானம் சொல்லாத தடை அப்படி நிற்காது. முகத்துவாரம் மாறிக்கொண்டிருக்கும் மழைக்கால வாரங்களில் மட்டும் சவாரி கிடையாது, மற்ற நாட்களில் இன்ன விதிப்படி உண்டு என்றால் அதைக் காப்பாற்ற ஊரே முன்வரும் என்று நினைக்கிறேன்.

அன்றாட முடிவுக்கும் நமக்குப் பழகிய ஏற்பாடு இருக்கிறது. புயல் சின்னம் உருவானதும் சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுவார்கள். எத்தனையாம் எண் கூண்டு என்பது தொலைக்காட்சியில் வந்ததும் வடசென்னையில் சின்னப் பிள்ளைக்கும் விஷயம் புரிந்துவிடும். படகுத் துறையிலும் அப்படி ஒரு கம்பம் நட்டு, காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துக் காலையில் ஒரு கொடி ஏற்றலாம். சிவப்பு என்றால் அன்று படகு இல்லை. கொடி ஏற்றும் பொறுப்பை ஊர்ப் பெரியவர்களில் ஒருவருக்கும் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் சேர்த்துக் கொடுக்கலாம். அந்தப் பெரியவரின் சொந்தப் படகு சவாரியில் இருக்கக் கூடாது.

ஏறுவதற்கு முன்

லைஃப் ஜாக்கெட் பற்றிக் கடைசியில் சொல்வதற்குக் காரணம் உண்டு. விபத்து நடந்ததும் எல்லாரும் முதலில் பேசுவது அதைத்தான், பேசி முடித்ததும் மற்றதை மறந்துவிடுகிறோம். ஜாக்கெட் கட்டாயம் வேண்டும். கழுத்தில் மாட்டிக்கொண்டு பட்டையைக் கட்டாமல் விட்டால் தண்ணீரில் விழுந்ததும் ஜாக்கெட் மேலே போகும், ஆள் கீழே போவார். குழந்தைக்குப் பெரியவர்களின் ஜாக்கெட் உதவாது; கால்களுக்கு இடையே பட்டை உள்ள சின்ன அளவுதான் வேண்டும். சுற்றிலும் கண்ணாடி அடைத்த தளத்தில் உட்கார்ந்திருக்கும்போது படகு கவிழ்ந்தால், அதே ஜாக்கெட் உங்களைக் கூரையோடு ஒட்டி வைத்து வெளியே வரவிடாமல் செய்யலாம். அதனால் அப்படிப்பட்ட தளமுள்ள படகில் ஏறினால் வெளியே வரும் வழி எது என்று முதலிலேயே பார்த்து வையுங்கள்.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கத்திக் கையாட்ட மாட்டார். மூச்சுக்கே திணறும்போது கத்த முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தியபடி, சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். படகில் ஒருவராவது நீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது இதனால்தான். படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இயந்திரத்தில் சிவப்பாக ஒரு சுருள் கயிறு தொங்கும். அதை ஓட்டுபவர் தன் மணிக்கட்டிலோ இடுப்பிலோ மாட்டியிருக்க வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இயந்திரம் நிற்கும். மாட்டாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, விழுந்தவர்மேலேயே விசிறியோடு திரும்பி வரும்.

ஏறும்போது இந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எத்தனை சாண் இருக்கிறது என்று பாருங்கள். உங்களுக்குப் பிறகும் ஆள் ஏற்றுகிறார்கள் என்றால் இறங்கிவிடுங்கள். காசு போனால் போகிறது. தமிழகக் காவல் துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093, இந்தியக் கடலோரக் காவல் படையின் எண் 1554. இரண்டையும் போனில் போட்டு வையுங்கள். ஆனால் கூப்பிட்ட பிறகு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருக்கும் ஃபைபர் படகாகத்தான் இருக்கும். அந்தப் படகுக்காரர்களுக்குக் கயிறும் மிதவையும் முதலுதவிப் பயிற்சியும் கொடுத்து, மீட்புக்குப் போன நாளின் டீசல் காசை யார் தருவது என்பதையும் எழுத்தில் வைத்துவிட்டால், தனியாக மீட்புப் படகு வாங்கும் டெண்டருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.